ஆற்றை பிள்ளை

கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மகேந்திரராஜா அண்ணை உள்ளே வந்ததைக் கண்டதும் நான் சுவர்ப் பக்கமாக ஒதுங்கினேன். அவரை நான் அதற்கு முன் பார்த்தது கிடையாது. ஆனால் அந்த வகை ஆளை நன்றாகத் தெரியும். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே மண்டபத்தில் நிற்கிற முகங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்து, இது ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை, இது யாருடைய மூக்கு, எந்த ஊர் நெற்றி என்று மனதுக்குள் தேடத் தொடங்கிவிடுவார்கள். கெட்டவர்கள் இல்லை, தங்கமான மனிதர்கள். எனக்குக் கெட்டவர்களைவிடத் தங்கமான மனிதர்களிடம்தான் பயம்.

"ஏய் கிருஷா, யாருடி இவரு?" என்று கண்மணி என் காதில் கேட்டாள். "சஜிதான்னு ஒரு பொண்ணு மட்டும்தான் வரும்னு மெயில்ல போட்டிருந்தாங்க."

சஜிதா அவருக்குப் பின்னால் வந்தாள். எங்கள் வயதுதான். கையில் ஒரு கோப்பு, தோளில் ஒரு பை. அவள் மட்டும் வந்திருந்தால் நான் அன்றைக்குச் சிரித்த முகத்தோடு விளையாடியிருப்பேன்.

ஜெர்மனியில் படிக்கிற தமிழ் மாணவர்களின் அணிகளுக்கென்று ஒரு விளையாட்டு ஒன்றியம் இருக்கிறது. கொலோன், பிராங்பேர்ட் என்று சில நகரங்களின் அணிகள் அதில் அங்கத்தவர்கள். பையன்களுக்கு உதைபந்தாட்டம், பெண்களுக்கு வலைப்பந்தாட்டம். இந்த வருடம் புதிதாக இரண்டு அணிகளைச் சேர்ப்பதாக அறிவித்தார்கள். விண்ணப்பித்த ஒவ்வொரு நகரத்துக்கும் தெரிவுக்குழு நேரில் வரும். மண்டபம் இருக்கிறதா, மாணவர் அட்டை உண்மையானதா, பிள்ளைகள் விளையாடுவார்களா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லும். மகேந்திரராஜா அண்ணை அந்த ஒன்றியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கொலோனில் டிராம் ஓட்டுகிறார். அவருடைய பிள்ளைகள் படித்து வேலைக்கே போய்விட்டார்கள், இவர் மட்டும் ஒன்றியத்தை விட்டபாடில்லை.

எங்கள் அணி கண்மணியின் அணி. அவள் திருநெல்வேலிக்காரி. இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறாள். விடுதியில் இருந்த தமிழ்நாட்டுப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து இழுத்துவந்து சேர்த்தாள். அவர்களுக்கு எறிபந்து தெரியும், கூடைப்பந்து தெரியும். வலைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. பந்து கையில் கிடைத்ததும் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். "தட்டாதேங்கோ, ஓடாதேங்கோ, எறியுங்கோ" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. வலைப்பந்துக்கு ஏழு பேர் வேண்டும். என்னோடு சேர்த்து ஏழு. நான் விலகினால் அணி இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஒக்டோபரில் புதிய மாணவிகள் வந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு முழங்கால் நோகிறது என்று சொல்லி நழுவிவிடலாம். போட்டிகள் தொடங்கும்போது நான் இருக்கமாட்டேன். இதுதான் என் திட்டம்.

ஏன் நழுவவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு நிசாந் என்று ஒரு அண்ணன் இருக்கிறான், பிராங்பேர்ட்டில். அப்பா இறந்த பிறகு வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். எனக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பார்த்தான். மாட்டேன் என்றேன். மாடிப்படியில் வைத்துத் தள்ளிவிட்டான், தோள் எலும்பு உடைந்தது. எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்ட தாதியிடம் உள்ளதைச் சொன்னேன். பொலிஸ், வழக்கு, தண்டனை என்று வரிசையாக வந்தது. தண்டனை பெற்றவனை விமான நிலையத்தில் வேலைக்கு வைத்திருக்கமாட்டார்கள், அவனுடைய வேலை போனது. நீதிமன்றத்தை விட்டு வெளியே வரும்போது என் பக்கமாகக் குனிந்து, "நீ எந்த மூலைக்குப் போனாலும் தேடி வருவன். வந்தால் கதைக்கமாட்டன்" என்றான். நிசாந் வாய்ச்சவடால் விடுகிறவன் இல்லை. சொன்னால் செய்கிறவன்.

முதலில் மன்ஹைமில் இருந்தேன். அங்கே கோயிலில் பழக்கமான ஒரு அக்காவிடம் நம்பி எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயோ பிள்ளை" என்று கட்டிப்பிடித்து அழுதா. அடுத்த கிழமையே நிசாந்தைத் தேடிப் பிடித்து என் அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. கையில் ஒரு பெட்டி மோதகம் வேறு. நான் கதவுக்குப் பின்னால் நின்று பொலிசுக்குப் போன் எடுக்கிறேன், அவ வெளியே நின்று, "ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், இருந்து கதைச்சால் எல்லாம் சரிவரும்" என்கிறா. இது எங்கள் சனத்துக்கென்றே உள்ள வியாதி. கத்தியோடு நிற்கிறவனையும் கழுத்தோடு நிற்கிறவளையும் ஒரே சோபாவில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புவார்கள்.

அதன் பிறகு கார்ல்ஸ்ரூஹே. நகரசபையில் என் விலாசத்துக்குத் தடை போட்டிருக்கிறது, யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள். ஜெர்மன் அரசாங்கம் ஒரு முத்திரையோடு என்னை மறைத்துவிட்டது. எங்கள் சனத்திடமிருந்து மறைவதற்குத்தான் முத்திரை இல்லை. அதனால் கோயில், கலைவிழா, கலியாண வீடு எல்லாவற்றையும் விட்டேன். அம்மாவோடும் கதைப்பதில்லை. அம்மாவின் போனை நிசாந் தினமும் எடுத்துப் பார்ப்பான். தமிழ் கதைக்க ஆசையாக இருந்தது, கண்மணியின் கூட்டம் கிடைத்தது. அவர்களுக்கு அம்மாவின் ஊரான அளவெட்டியும் தெரியாது, என் அம்மா சந்திரகாந்தியையும் தெரியாது. நான் யாருடைய மகள் என்று அவர்களில் ஒருத்தியும் கேட்டதில்லை. அந்த நிம்மதிக்காகவே அவர்களுக்கு வலைப்பந்து பழக்கினேன்.

விளையாட்டைப் பார்க்கவேண்டும் என்று அண்ணை வாங்கில் உட்கார்ந்தார். எதிரணிக்கு விடுதிப் பையன்கள் ஏழு பேரைக் கண்மணி கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். அவர்களுக்கு விதி எதுவும் தெரியாது. ஒருத்தன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடியே போய்விட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பியபடியே நின்றேன். தலைமயிரை அவிழ்த்து நெற்றியில் விட்டிருந்தேன். பந்து வந்தால் அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டேன்.

"கிருஷா, ஷூட் பண்ணு! என்ன ஆச்சு உனக்கு?" என்று கண்மணி கத்தினாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு வருடமாக இந்த ஒரு நாளுக்காக ஓடித் திரிந்தவள். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த பந்தை எடுத்து எறிந்தேன். வளையத்தில் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. விளையாடத் தொடங்கினால் எனக்குப் பயம் மறந்துபோகும், அதுதான் என் கேடுகாலம். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணை வாங்கை விட்டு எழும்பி, போனை இரண்டு கையாலும் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு முடிந்ததும் அவர் சஜிதாவிடம், "இவையை எடுக்கத்தான் வேணும். கொஞ்சம் பழகினால் நல்லா வருவினம்" என்றது எங்களுக்குக் கேட்டது. பெண்கள் எல்லோரும் குதித்தார்கள். நானும் குதித்தேன், குதிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

"பொறுங்கோ பிள்ளையள்" என்றார் அண்ணை. "இன்னும் அறிமுகம் இருக்கு."

அந்த அறிமுகம் அவர் தொடங்கி வைத்த வழக்கமாம். புதிதாகச் சேருகிற அணியில் ஒவ்வொருத்தரும் முன்னுக்கு வந்து தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் சொல்லவேண்டும். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்வதற்காம். "ஊர் பேர் தெரியாத ஆளை எடுத்துப்போட்டு, நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் ஆரிட்டப் போறது?" என்று சிரித்தார்.

கண்மணியின் முகம் கறுத்தது. "சார், ஊரும் அப்பா பேரும் எதுக்கு?" என்றாள். "எங்க ஊர்ல அதைக் கேட்டா அடுத்த கேள்வி என்னன்னு எங்களுக்குத் தெரியும். யூனிவர்சிட்டி ஐடி காட்டியாச்சு. அது போதாதா?"

அண்ணைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "கோவிக்காதேங்கோ பிள்ளை, நான் சாதி கேக்கேல்லை. இந்தியப் பிள்ளையளுக்கு வேண்டாம், விடுங்கோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் எங்கட ஆள்தானே? கதையில தெரியுது. ஊர் எது?"

"திருக்கோணமலை" என்றேன்.

"திருக்கோணமலையில எவடம்?"

"தெரியாது அண்ணை. நான் இஞ்ச பிறந்தனான்."

"அப்பா?"

"மோசம் போட்டார்." அப்பா இறந்தது உண்மைதான்.

அவர் என்னை விடவில்லை. தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்குப் பேர் நிக்காது பிள்ளை, முகம் நிக்கும். அதைவிடக் கை நிக்கும். நீர் எறியேக்க இடது காலைப் பெருவிரலில ஊண்டி ஒரு திருப்புத் திருப்புறீர். அப்பிடி எறிஞ்ச ஒரே ஆள் அளவெட்டிச் சந்திரகாந்தி. பள்ளிக்கூட அணியில அவதான் கோல் ஷூட்டர். நாங்கள் பெடியள் மதில்ல ஏறி நிண்டு பாத்தனாங்கள். நீர் அவவின்ர பிள்ளையோ?"

 அம்மா அந்தத் திருப்பை எனக்குப் பழக்கியது பிராங்பேர்ட் வீட்டின் பின்புறம், உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் கட்டிய ஒரு பழைய சைக்கிள் வளையத்தில். ஊரை மறைத்தேன், விலாசத்தை மறைத்தேன், காலை மறைக்கத் தோன்றவில்லை.

"இல்லை அண்ணை. அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே போனேன். 

தாழ்வாரத்தில் சோடா மெஷினுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பின்னாலேயே சஜிதா வந்தாள். சந்தோஷமாக வந்தாள், அதுதான் கொடுமை. "நீங்கள் பயப்பிடாதேங்கோ, உங்கட ரீம் உள்ளுக்கு வந்த மாதிரித்தான்" என்று போனை நீட்டினாள். "பாருங்கோ, அண்ணை ஏற்கெனவே குறூப்பில போட்டிட்டார்."

ஒன்றியத்தின் வாட்ஸப் குழு. என் முகம், என் கை, என் கால் எல்லாம் துல்லியமாகத் தெரிகிற வீடியோ. கீழே அண்ணை எழுதியிருந்தார்: "புது அணி. இந்தப் பிள்ளை ஆற்றை பிள்ளை? எங்கட அளவெட்டிச் சந்திரகாந்தியின்ர மகள் போலக் கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லவும்." அதற்குக் கீழே கைகூப்புகள், பூங்கொத்துகள். அதற்கும் கீழே பிராங்பேர்ட்டிலிருந்து யாரோ ஒருத்தர் அம்மாவின் தொலைபேசி எண்ணைப் போட்டு, "எடுத்துக் கேளுங்கோ அண்ணை" என்று எழுதியிருந்தார்.

அந்தக் குழுவில் நிசாந் இல்லை. ஆனால் பிராங்பேர்ட் அணிக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பிராங்பேர்ட் எங்களிடமிருந்து ஒரு மணித்தியால ரயில்.

நான் தமிழை விட்டேன். ஜெர்மன் மொழியில் சஜிதாவிடம் சொன்னேன். தமிழில் சொன்னால் அண்ணன் தங்கச்சிச் சண்டை ஆகிவிடும், ஜெர்மனில் சொன்னால் குற்ற வழக்கு. அண்ணன், மாடிப்படி, தண்டனை, விலாசத் தடை. நான்கு சொல்லில் அவளுக்கு விளங்கிவிட்டது. இங்கே பிறந்தவள், விலாசத் தடை என்றால் எந்த அளவுக்குப் போனால் கொடுப்பார்கள் என்று தெரிந்தவள். முகம் வெளிறியது.

"அவர்தான் அழிக்கவேணும், எனக்கு ஏலாது" என்றாள். "வாங்கோ, நான் கதைக்கிறன். காரணம் சொல்லமாட்டன், சத்தியமா."

கதைப்பதற்கு நேரம் கிடைக்கவில்லை. நாங்கள் திரும்பும்போதே அண்ணை தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். போனை முகத்துக்கு முன்னால் பிடித்து, வாயெல்லாம் சிரிப்பாக வந்தார். அவருக்கு ஒரு காது மந்தம், எதையும் ஸ்பீக்கரில் போட்டு, முகம் பார்த்துத்தான் கதைப்பாராம்.

"சந்திரகாந்தி, என்னைத் தெரியுதோ? மகேந்திரராஜா, இப்ப கொலோனில. மதிலால விழுந்து கையை முறிச்ச மகேந்திரராஜா!"

"ஓ... தெரியுது, தெரியுது. எப்பிடி இருக்கிறியள்?"

மூன்று வருடமாகக் கேட்காத குரல். எனக்கு ஓடவேண்டும், ஓட முடியவில்லை. பக்கத்தில் போகவேண்டும், அதுவும் முடியவில்லை. சஜிதா, "அண்ணை, ஒரு நிமிசம், வையுங்கோ" என்று அவர் கையைப் பிடித்தாள். "பொறும் பிள்ளை" என்று உதறிவிட்டு, போனை என் பக்கம் திருப்பினார்.

"இஞ்ச பார், ஆர் நிக்கிறதெண்டு!"

திரையில் அம்மா. குசினியில் நின்றா. தலை நரைத்திருந்தது, கண்ணாடி மாற்றியிருந்தா. என்னைக் கண்டா. ஒரு கணம் வாய் திறந்தது. "அம்மா" என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

அப்போது அம்மாவுக்குப் பின்னால், அடுத்த அறையிலிருந்து கேட்டது: "ஆரம்மா?"

அந்தக் குரல் கேட்டதும் நான் திரைக்கு வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உடம்பு தானாகவே செய்தது. அங்கே திரையும் ஆடியது, அம்மா போனைத் தன் முகத்துக்கு மிகவும் கிட்டப் பிடித்தா.

"ஒருத்தரும் இல்லையடா. பள்ளிக்கூடத்துப் பழைய ஆள், கொலோனில இருந்து" என்றா. பிறகு அண்ணையிடம், "நீங்கள் ஆள் மாறீட்டியள் அண்ணை. எனக்கு ஒரு மகன்தான். மகள் எண்டு ஒருத்தரும் இல்லை."

வீட்டில் அப்படித்தான் சொல்லவேண்டும் என்பது நிசாந் வைத்த சட்டம். அம்மா அதைத் தடுமாறாமல் சொன்னா. அண்ணையின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இல்லையோ? அதே எறியல்லே... படத்தையும் குறூப்பில போட்டிட்டன், இது உன்ர பிள்ளையெண்டு."

"ஐயோ அண்ணை, ஆற்றை குமர்ப்பிள்ளையோ! ஊருலகமெல்லாம் பாக்க ஒரு பெம்பிளைப்பிள்ளையின்ர படத்தைப் போடுறதோ? நாவூறு பட்டிடும். விழுந்து காலை முறிச்சுதெண்டால் தாய் தகப்பனுக்கு என்ன பதில் சொல்லுவியள்? இப்பவே எடுத்துவிடுங்கோ. என்ர கண்ணுக்கு முன்னால எடுங்கோ."

"என்ன படம்?" நிசாந்தின் குரல் இப்போது குசினிக்குள் கேட்டது. "காட்டுங்கோ பாப்பம்."

"ஆரோ விளையாடுற பிள்ளையடா. வைக்கிறன் அண்ணை, அடுப்பில கறி." திரை இருண்டது.

அண்ணை சங்கடப்பட்டுப் போனார். தகவல் பாதுகாப்பு, சட்டம் என்று சஜிதா சொன்னால் அவர் நாள் முழுக்க வாதாடியிருப்பார். நாவூறு, கண்திருஷ்டி என்றதும் மறுபேச்சில்லை. "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்தபடி குழுவைத் திறந்து, வீடியோவை எல்லோருக்கும் அழியும்படி அழித்தார். சஜிதா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு மூச்சு வரத் தொடங்கியது.

உடனே போன் அடித்தது. அம்மாவின் எண். இம்முறை முகம் இல்லை, குரல் மட்டும்.

"அண்ணை, நான் சந்திரகாந்தியின்ர மகன் கதைக்கிறன். நிசாந்."

"சொல்லு தம்பி" என்றார் அண்ணை, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு.

"எவடத்தில நிண்டு கதைக்கிறியள்?"

"கார்ல்ஸ்ரூஹேயில தம்பி."

சஜிதா கண்ணை மூடினாள். நான் சோடா மெஷினைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாவின்ர மகள் எண்டு ஒரு பிள்ளையைச் சொன்னியளாம்? என்ன பேர்?"

"பேரோ..." அண்ணை நெற்றியைச் சொறிந்தார். "எனக்குப் பேர் நிக்காது தம்பி. பிள்ளை, உமக்கு என்ன பேர்?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் குரலை அவன் இருட்டிலும் கண்டுபிடிப்பான்.

"நாகலட்சுமி" என்றாள் சஜிதா. அது எங்கள் அணியின் இன்னொருத்தியின் பெயர். கோப்பைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தே சொன்னாள். "நாகலட்சுமி அண்ணை."

"நாகலட்சுமியாம் தம்பி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நிசாந் யோசிக்கும்போது அப்படித்தான் இருப்பான், வீட்டில் அந்த அமைதிக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"அந்தப் பிள்ளையிட்ட ஒருக்கா குடுங்கோ அண்ணை. ஒரு சொல்லுக் கதைச்சால் காணும்."

"அதுக்கென்ன" என்று அண்ணை போனை என் வாய்க்கு நேராக நீட்டினார். "தம்பி ஏதோ கேக்கிறார், கதை பிள்ளை."

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். "ஏன் பிள்ளை வெக்கப்படுறீர்? நான் இவ்வளவு பேரைக் குழப்பிப்போட்டன். உம்மட அம்மா ஆர் எண்டு நீரே சொல்லிவிட்டால் விசயம் முடிஞ்சுது. அம்மாவுக்கு என்ன பேர்? எங்க இருக்கிறா?"

போனுக்குள்ளிருந்து நிசாந்தின் மூச்சுக் கேட்டது. அவன் காத்துக்கொண்டு நின்றான். நான் கையைத் தூக்கினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் தூக்கினேன். விரல்களை விரித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, கூரையைக் காட்டினேன்.

அண்ணைக்கு உடனே விளங்கவில்லை. திரும்பவும் காட்டினேன்.

"என்ன பிள்ளை... இல்லையோ?" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "அம்மா இல்லையோ?"

தலையை ஆட்டினேன்.

"மோசம் போட்டாவோ?"

ஆமென்று ஆட்டினேன். சற்று முன்னர்தான் கண்ணாடி மாற்றியிருக்கிறா என்று பார்த்த முகம். சத்தம் வெளியே வராமல் இருக்க உதட்டைக் கடித்தேன், கண்ணீரை என்னால் கடிக்க முடியவில்லை. அண்ணையின் முகம் உடைந்துபோனது. மற்றக் கையை என் தலையில் வைத்தார். அந்தக் கை கனமாகவும் சூடாகவும் இருந்தது.

"தம்பி, இந்தப் பிள்ளைக்குத் தாயும் இல்லையாம், தகப்பனும் இல்லையாம்" என்று போனுக்குள் சொன்னார். "கேட்டதுக்கு நிண்டு அழுகுது. நான் ஒரு விசரன், தாயில்லாப் பிள்ளையைப் பிடிச்சு ஆற்றை பிள்ளை, ஆற்றை பிள்ளையெண்டு கேட்டு வதைச்சுப்போட்டன். உன்ர அம்மாவிட்டையும் நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லு."

 

"அப்ப சரி அண்ணை" என்றான் நிசாந். "அது வேற பிள்ளை." பிறகு போனை எட்டப் பிடித்து உள்ளே சொன்னது கேட்டது: "அம்மா, அவர் ஆள் மாறீட்டாராம். அந்தப் பெட்டைக்குத் தாய் செத்துப் போச்சாம்."

 ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா போனுக்குப் பக்கத்தில் வந்து, பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக, யாரோ ஊர் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னா.

"பாவம். அந்தப் பிள்ளையை அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. தாய் எங்க இருந்தாலும் பாத்துக்கொண்டுதான் இருப்பா எண்டு சொல்லுங்கோ."

போன் வைக்கப்பட்டது. அண்ணை என் தலையிலிருந்து கையை எடுக்காமலே, நான் கேட்கவில்லை என்று நினைத்து, அதை எனக்கு முதலிலிருந்து திருப்பிச் சொன்னார்.